கோமுவுக்கு, மூட்டு வலி பத்தி கொஞ்சம்

கோமு,

உன் மெசேஜ் ரெண்டையும் படிச்சேன், ஒரு வரில பதில் போட முடியாது அதான் நீளமா டைப் பண்றேன். இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்கு ஓசூர்ல வேலை கெடச்சாச்சு, அவர் ரிட்டயர் ஆனதுல இருந்து என் சமையலுக்கு மேற்பார்வை பாக்குறார், அந்தக் கதைய நேர்ல சொல்றேன்.

டாக்டர் குடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரைய நீயாவே நிறுத்திட்டு மஞ்சள் கேப்சூல் ஆரம்பிச்சிருக்கேன்னு எழுதியிருக்க பாரு, அதுதான் எனக்கு பயமா இருக்கு. எனக்கு இருக்கறது முழங்கால் தேய்மானம் டி, படி ஏறினா வலிக்கும், காலைல கொஞ்ச நேரம் நடந்தா விறைப்பு போயிடும். உனக்கு ரெண்டு கையிலயும் வெரல் கணு வீங்கி, எழுந்து ஒரு மணி நேரத்துக்கு டம்ளர் கூட புடிக்க முடியலங்கற, அது முடக்குவாதம், உடம்பே தன் மூட்ட தாக்கற நோய். முடக்கத்தான் தோசையும் நடையும் எனக்குப் போதும், அத வச்சு உனக்கும் போதும்னு கணக்கு போடாத. அந்த வீக்கத்த அடக்காம விட்டா உள்ள எலும்ப அரிச்சுடும், அப்புறம் எந்தக் கஷாயம் குடிச்சாலும் பழையபடி ஆகாது.

ஆயுர்வேதம் வேணாம்னு நான் சொல்வேனா? எங்க கோயம்புத்தூர்லயே ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 2011ல வெளியாச்சு, முடக்குவாதக்காரங்க 43 பேர மூணு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு மெத்தோட்ரெக்சேட், இன்னொன்னுக்கு ஆயுர்வேத மருந்து, மூணாவதுக்கு ரெண்டும் சேத்து, 36 வாரம் குடுத்துப் பாத்தாங்க. மூணு குரூப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தேறுச்சு. உடனே பாத்தியான்னு குதிக்காத புள்ள, 43 பேருங்கறது சின்ன கூட்டம், அதுவும் அங்க வைத்தியர் ஒவ்வொருத்தர் உடம்பையும் பாத்து தனித்தனியா மருந்து குடுத்தாங்க, உன்ன மாதிரி ஆன்லைன்ல டப்பா வாங்கி முழுங்கல.

மஞ்சள்ல வீக்கத்த குறைக்கற சரக்கு குர்குமின், அது நூத்துக்கு மூணு பங்குதான் இருக்கும், அதுலயும் பெரும்பகுதி உடம்புல ஒட்டாம போயிடும். மிளகோட சத்து சேந்தா ரொம்ப அதிகமா ஏறும்னு 1998லயே பெங்களூர்ல கண்டுபிடிச்சாங்க, அதனாலதான் இந்த கேப்சூல்காரங்க மிளகு சாறயும் சேத்து அடைக்கறான். பால்ல ஒரு சிட்டிகை மஞ்சள், மிளகுன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது, ஆனா இந்த டப்பா சரக்கால சில பேருக்கு கல்லீரல் கெட்டுப் போயிருக்கு, அமுக்கராவுலயும், அதான் அஸ்வகந்தா, அப்படி கேஸ் இருக்கு. உன் மாத்திரையும் கல்லீரலத்தான் தொடும், அதுக்குத்தானே அடிக்கடி பிளட் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க.

நான் பாக்கற வைத்தியர்கிட்ட உன்ன பத்தி கேட்டேன். உன் நோய ஆயுர்வேதத்துல ஆமவாதம்பாங்கன்னு சொன்னார், கணு வீங்கி சூடா இருக்கறப்ப எண்ணெயே தேய்க்கக் கூடாதாம், வறுத்த மணல துணில கட்டி ஒத்தடம்தானாம். நான் அசந்துட்டேன், நம்ம எல்லாரும் வலின்னாலே தைலத்த எடுத்து தேய்க்கற ஆளுங்க! ராத்திரி தயிர் வேணாம், மத்தியானம் தூக்கம் வேணாம், சாப்பாட்ட ஏழரைக்குள்ள முடிச்சுடு, சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர் குடின்னார். இதுல தயிர் கதைய நான் முழுசா நம்பல, ஆனா சீக்கிரம் சாப்பிட்டு நல்லா தூங்கறதுல எனக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. கடைசியா அவரே சொன்னார், டாக்டர் மாத்திரைய நிறுத்தச் சொல்ற வைத்தியன்கிட்ட போகாதேன்னு.

வெரல வெந்நீர்ல முக்கி மெதுவா மடக்கி நீட்டு, பல்லு ஈறு வீக்கம் இருந்தா அதையும் காட்டு, அதுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்காம். முதல்ல நாளைக்கே உன் மூட்டு டாக்டர்கிட்ட போய் நிறுத்துனத மறைக்காம சொல்லு, கேப்சூல் டப்பாவயும் கையோட எடுத்துட்டு போ. உடம்புல வீக்கம் எவ்வளவுன்னு காட்டற அந்த சிஆர்பி பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

ஆவணில தங்கச்சி பையன் கல்யாணத்துக்கு மதுரை வரேன், உன் வீட்லதான் தங்கப் போறேன், இட்லிப்பொடி வேணும்னா இப்பவே சொல்லிடு.

வசந்தி