குளிருக்குப் பயந்து பனையைத் தறப்பாளால் மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பகுதியை விடாமல் வாசிக்கிறவள் நான். மிளகாய்க் கன்று, கத்தரி, வாழைக்குட்டி எல்லாம் அதில் வருகிறது, நல்லது. இந்த முறை நான் எழுதுவது வேறு ஒரு விஷயம், தயவுசெய்து இடம் தாருங்கள்.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். ஊர் ஞாபகத்துக்கு வீட்டுப் பின்வளவில் ஒரு பனையை, எங்கள் பனை இல்லை, அநேகமாகச் சீனத்துச் சாதி ஒன்றை, நட்டு வைத்திருக்கிறவர்கள் அதில் சிலர். ஐப்பசி பிறந்ததும் இங்கே போன் எடுத்து, "அம்மா, குளிர் வரப்போகுது, பனையை என்ன செய்யிறது?" என்று கேட்கிறார்கள், நாங்களும் எங்கள் வடலிக்குச் செய்வதை நினைத்துக்கொண்டு, எரு போடு, தண்ணீர் விடு, நல்லாய் மூடிக் கட்டு என்று சொல்லிவிடுகிறோம். அந்த மூன்றுமே அங்கே பிழை. மூன்றாவதை நானே செய்து ஒரு மரத்தைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனேன், அதனால்தான் எழுதுகிறேன்.

2022 மார்கழியில் நான் லண்டனில் மகள் வீட்டில் நின்றேன். அந்த மாதம் உங்கள் வாசகர்களுக்கும் மறந்திருக்காது. மாண்டூஸ் புயலோடு வந்த மழையிலும் குளிர்காற்றிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் மாடுகள் விறைத்துச் செத்தன. ஊரில் நின்ற என் வீட்டுக்காரர் போனில் அதைச் சொல்லிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார், அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து லண்டனில் இரவோடு இரவாக ஸ்நோ கொட்டியது. மகளின் வளவில் என் நெஞ்சளவுக்கு நின்ற பனையின் ஓலையெல்லாம் பாரத்தில் தொங்கிப்போய்க் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கராஜில் இருந்த நீலத் தறப்பாளை எடுத்து வந்து தலை முதல் கால் வரை சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் எங்களை மழையிலிருந்து காப்பாற்றியது தறப்பாள்தான், அதைவிட நல்ல காப்பு எனக்குத் தெரியாது.

பங்குனியில்தான் அவிழ்த்தோம். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஓலைகள் பச்சையாகவே இருந்தன, நானும் ஆறுதல்பட்டேன். பிறகு நடுக்குருத்தைத் தொட்டுப் பார்த்தேன், இழுக்கக்கூட இல்லை, சும்மா பிடித்ததுக்கே கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பு நிறமாகக் கூழ் மாதிரி, புளித்த மணம். பேரன் பக்கத்தில் நின்று, "அம்மம்மா, அது செத்துப் போச்சா?" என்று கேட்டான்.

ஒற்றைத்தண்டுப் பனைச் சாதி எல்லாவற்றுக்கும் உயிர் அந்த ஒரு குருத்துத்தான், இது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மாமரத்தை வெட்டினால் பக்கத்தால் துளிர்க்கும், பனைக்கும் தென்னைக்கும் குருத்துப் போனால் மரம் போச்சு. இங்கே கருவண்டு குருத்தைக் குடைந்தால் நாங்கள் பதறுகிறது அதனால்தானே. குளிர்நாட்டில் அந்த வண்டு செய்கிற வேலையைத் தேங்கி நிற்கிற ஈரம் செய்கிறது. தறப்பாளுக்குள் காற்றுப் போக வழியில்லை, பகலில் வெயில் பட்டால் உள்ளே வேர்க்கும், அந்தத் தண்ணீர் குருத்துக்குள் இறங்கும், இரவில் உறையும், திரும்ப இளகும். அப்படி அடிபட்ட இடத்தில் பூஞ்சணம் பிடித்து அழுகும். எங்கள் மாடுகளும் உறைகிற குளிரிலா செத்தன? மணிக்கணக்காக நனைந்து நின்றதோடு காற்றும் சேர்ந்து அடித்ததில்தான். ஈரமும் குளிரும் ஒன்றாய்ச் சேரவிடக் கூடாது, முதலில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

லண்டனில் எங்கள் பிள்ளைகள் வைத்திருப்பது அநேகமாகச் சீனத்துப் பனை, ட்ரக்கிகார்பஸ் என்று சொல்வார்கள். விசிறி ஓலை, தண்டு முழுக்கப் பன்னாடை மாதிரித் தும்பு சுற்றியிருக்கும். ரொபேர்ட் ஃபோர்ச்சூன் என்ற செடி சேகரிப்பாளர் 1849இல் சீனாவின் சூசான் தீவிலிருந்து லண்டனில் இருக்கிற கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பியது இந்தச் சாதிதான், அன்றிலிருந்து இங்கிலாந்தில் வெளியிலேயே நின்று பிடிக்கிறது. வேரூன்றிய மரம் உறைநிலைக்குக் கீழே 10, 12 பாகை வரை கொஞ்ச நேரம் தாங்கும். ஆகவே தண்டு வைத்த மரத்தை லண்டனில் மூடவே தேவையில்லை, நான் மூடாமல் விட்டிருந்தால் அது தன்பாட்டில் நின்றிருக்கும். காப்பு வேண்டியது இளங்கன்றுக்கும் அந்த வருஷம் நட்டதுக்கும் சாடியில் நிற்பதுக்கும்தான்.

எப்படிக் காப்பது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் மகளின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், பொறுமையான மனிதர். குளிர் தொடங்க முதல் ஓலைகளை மேலே கூட்டிப்பிடித்து மெல்லிய கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும், பிள்ளைக்குக் கொண்டை போடுகிற மாதிரி, அப்போது குருத்து நடுவில் மறைவாக இருக்கும். அடியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ போடலாம், தண்டோடு ஒட்ட வேண்டாம். கடும் உறைபனி என்று வானிலை அறிக்கை சொன்னால் மட்டும் தோட்டக் கடையில் விற்கிற காற்றுப் போகக்கூடிய வெள்ளைத் துணியால் சுற்றிவிட்டு, குளிர் தணிந்ததும் கழற்றிவிட வேண்டும். மழைக்கு மேலே ஒரு தகடோ பலகையோ சரிவாக வைக்கலாம், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். ஸ்நோ விழுந்தால் கையால் மெல்லத் தட்டிவிட்டால் சரி. பழைய சாதி நத்தார் பல்ப் மாலை சுற்றி வைத்தால் அந்தச் சின்னச் சூடே காணும், எல்ஈடி மாலையில் சூடு வராது. சாடியில் நிற்கிற மரத்துக்கு வேர் நாலு பக்கத்தாலும் குளிர் வாங்கும், அதைக் கராஜுக்குள் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்துத் தண்ணீரைக் குறைத்துவிடச் சொல்லுங்கள்.

எரு விஷயம். ஆவணிக்குப் பிறகு எரு போட்டால் இளசாகக் குருத்து விடும், அந்த இளசுதான் உறைபனியில் முதலில் கருகும். நடுவதென்றாலும் வைகாசி, ஆனியில் நட வேண்டும், குளிர் வருமுன் வேர் பிடித்துவிடும். லண்டன் மண் பல இடங்களில் களி, தண்ணீர் வடியாது, மண்ணை உயர்த்தி நட்டால் நல்லது.

காய்ந்த ஓலையை உடனே வெட்டுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள், ஆனால் அங்கே மாரி முடியும் வரை காவோலைக்கு வேலை இருக்கிறது, குருத்துக்கு அதுதான் போர்வை. சித்திரை வரை கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. சில வீடுகளில் பனை என்று வைத்திருப்பது பனையே இல்லை, நியூசிலாந்துக் கோடிலைன். வாள் மாதிரி ஒடுங்கிய இலை, வயது போகக் கிளையும் விடும். அது குளிரில் மேலே செத்தாலும் அடியில் துளிர்க்கக்கூடும், ஒற்றைத்தண்டுப் பனை துளிர்க்காது. எது என்று பார்த்துத் தெரிந்துகொண்டு பிறகு கவலைப்படட்டும். ரொறன்ரோ குளிர் லண்டன் குளிர் மாதிரி இல்லை, பெட்டி கட்டி உள்ளே சூடு கொடுத்தாலொழிய சீனத்துப் பனையும் அங்கே வெளியில் நிற்காது, சாடியில் வைத்து வீட்டுக்குள் எடுப்பதுதான் புத்தி. எங்கள் பனங்கொட்டையைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறவர்களுக்கும் சொல்கிறேன், வேண்டாம். அது முளைத்ததும் முதலில் கீழேதான் போகும், கிழங்கு கிண்டியவர்களுக்கு ஆழம் தெரியும், சாடி அதற்குக் காணாது, அந்த நாட்டு உறைபனியும் அதற்கு ஆகாது. கொட்டையை எங்கள் வேலியோரத்திலேயே ஊன்றுவோம்.

மகளின் மரத்துக்கு என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அந்தக் கிழவர் சொன்னபடி அழுகலைக் கரண்டியால் வழித்து எடுத்து, மருந்துக்கடையில் வாங்கிய 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டைக் குழிக்குள் விட்டோம், நுரைத்துப் பொங்கியது. பிறகு காய விட்டு, மழை படாமல் மேலே ஒரு தகடு. சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஒன்றும் இல்லை, மருமகன் பிடுங்குவம் என்றார், நான் விடவில்லை. நான் ஊருக்கு வந்த பிறகு ஆடியில் மகள் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். நடுவிலிருந்து ஓலை வந்திருந்தது, நுனி கத்தரியால் நேராக வெட்டிவிட்ட மாதிரி. அழுகினது அந்த நுனிதான், அடி தப்பியிருக்கிறது. அதனால் குருத்துக் கழன்றுவிட்டது என்று பிள்ளைகள் போன் எடுத்தால் ஆடி, ஆவணி வரை மரத்தில் கை வைக்க விடாதீர்கள்.

ஐப்பசிக்கு முதல் இதைப் போட்டுவிடுங்கள் ஆசிரியர், வெட்டிப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்ப எங்கள் ஒழுங்கையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். மகள் வீட்டில் முனை வெட்டுப்பட்ட அந்த மூன்று ஓலைகளும் இன்னும் கீழ்வரிசையில் நிற்கின்றன, அவற்றின் மேலே முழு விசிறியாக ஒன்பது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொக்குவில்