பரிசு வாங்கியது யார் என்று போடக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த வியாழக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் இலக்கிய மன்ற விழாச் செய்தி வந்திருந்தது. மிக்க மகிழ்ச்சி. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், வாழ்த்துரை வழங்கியவர்கள், வரவேற்றவர், தொகுத்து வழங்கியவர், நன்றி கூறியவர் என்று எண்ணிப் பார்த்தேன். 17 பெயர்கள். மைக் செட்டுக்காரர் பெயர் ஒன்றுதான் பாக்கி. கடைசி வரி இது: ‘மாணவ, மாணவியர் திரளாகக் கலந்துகொண்டனர்.’

திரளாகக் கலந்துகொள்ளாமல் வேறு எங்கே போவார்கள் ஐயா? அது அவர்கள் பள்ளிக்கூடம். அன்று வேலை நாள். கேட்டும் பூட்டியிருந்தது.

செய்தியோடு ஒரு படம். எட்டுப் பேர் பொன்னாடையோடு நிற்கிறார்கள். இடது ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டும், அதைப் பிடித்திருக்கும் ஒரு கையும் தெரியும். கறுப்புக் கயிறு கட்டிய கை. அதற்கு மேல் படத்தை வெட்டிவிட்டீர்கள். கவிதைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய எட்டாம் வகுப்புப் பெண்ணின் கை அது. பரிசளிப்புக்கு நேரமாகும் என்று அவளையே பொன்னாடைத் தட்டு ஏந்தச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை அவளுடைய பாட்டி கடையில் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். “எனக்குப் படிக்கத் தெரியாது சார், பிள்ளை பேர் எங்க இருக்குன்னு காட்டுங்க” என்றார். நான் தட்டைக் காட்டினேன். கயிற்றைப் பார்த்துவிட்டு, “ஆமா, நான் கட்டிவிட்டதுதான்” என்றார். அப்புறம் பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது செய்திப் பக்கத்தில் வர வேண்டியது.

போட்டிக்கு நடுவராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்குக் காவல் படுத்திருக்கும் அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோவதுதான் அந்தக் கவிதை. பன்னிரண்டே வரி. ‘தமிழே அமுதே’ என்று தொடங்காத மாணவர் கவிதையை என் 31 வருடப் பணியில் விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறப்பு விருந்தினர் பேச்சை 20 வரி போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் போன வருடமும் பேசினார்.

இது இன்று நேற்றுக் கதை அல்ல. 1991-ல் எங்கள் பிள்ளைகள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினார்கள். மாதம் ஒரே ஒரு பிரதி. முழு வெள்ளைத் தாளில் எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்புப் போட்டு, கோணி ஊசியால் தைத்தது. கடைசி இரண்டு பக்கங்களை வாசகர் கருத்துக்கென்று காலியாக விட்டிருப்பார்கள். தங்கள் அன்றைய நிருபர் வந்து, அதைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார். படமும் வந்தது. அவர் இதழைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். எழுதிய பிள்ளைகள் பெயர் ஒன்றுகூட இல்லை. நான் அனுப்பிய திருத்தம் 11 நாள் கழித்து, கறவை மாடு விற்பனை விளம்பரத்துக்குக் கீழே வந்தது. அதிலும் என் இனிஷியல் தப்பு.

இதே திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்திய கருணாநிதி பின்னாளில் ஐந்து முறை முதலமைச்சரானார் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பிறந்தநாள் வந்தால் தாங்களே அதை எழுதுகிறீர்கள். இன்றைக்கு எழுதும் பிள்ளையும் முதலமைச்சரானால்தான் பெயர் போடுவீர்களோ என்னவோ.

பிள்ளைகள் பெயரைப் போடத் தங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தும்வரை, தேர்வு முடிவு வந்தால் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று இனிஷியல் பிசகாமல், அம்மா லட்டு ஊட்டும் படத்தோடு போட்டவர்கள்தானே? மார்க் வாங்கினால் பெயர், கவிதை எழுதினால் திரள். காந்தி, அம்பேத்கர் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் பேச்சுப் போட்டிகளுக்கு முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000 என்று அறிவிப்பைச் சரியாகப் போடுகிறீர்கள். முடிவு வரும்போது ‘ஆட்சியர் பரிசு வழங்கினார்’. யாருக்கு?

சிறுவர் இதழ்களான கோகுலமும் சுட்டி விகடனும் 2020-ல் அச்சில் நின்றுபோயின. 2022-ல் அரசு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைத் தொடங்கியது, நல்லது. ஆனால் அவை பள்ளிக்கு வருபவை. அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது தங்கள் பேப்பர்தான்.

சரி, தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. செய்திக் குறிப்பு எழுதித் தருவது தமிழாசிரியர்கள்தான். விருந்தினர் பெயர் விட்டுப்போனால் அவர் மறுநாளே போன் செய்வார். பிள்ளைகள் போன் செய்ய மாட்டார்கள். நானும் அவர்கள் பெயரைக் கடைசிப் பத்தியில்தான் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். தாங்கள் வெட்டுவதோ கடைசியிலிருந்து.

நான் கேட்பது பெரிதல்ல. பள்ளி விழாச் செய்தியில் முதல் மூன்று பரிசு பெற்றவர்களின் பெயரும் வகுப்பும். ஒன்றரை வரி ஆகும். இடம் போதாவிட்டால் நன்றி கூறியவர் பெயரை எடுத்துவிடுங்கள். அவன் என் தம்பி மகன்தான், நான் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த விழாவில் பரிசு பெற்றவர்களின் பட்டியலை, இனிஷியல் சரிபார்த்து, தனித் தாளில் இணைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். தினமும் பேப்பர் வாங்கிப் பார்க்க அந்தப் பாட்டிக்குக் கட்டுபடியாகாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
திருவாரூர் மாவட்டம்