செயலாளர் ஆண்டறிக்கை 2025: சாட்ஸ்வர்த், டர்பன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல், தைப்பூசக் காவடி, புரட்டாசிப் படையல், மாலைத் தமிழ் வகுப்பு எல்லாம் குறைவின்றி நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல விரும்புவது நம் இளைஞர் அறிவியல் வட்டத்தைப் பற்றி.

இவ்வாண்டு அவர்கள் எடுத்துக்கொண்டது குவாண்டம் பிழைதிருத்தம், அதாவது குவாண்டம் கணினியில் நேரும் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது. ஒரு கியூபிட்டின் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) தகவலை ஒன்பதில் பரப்பிக் காக்கலாம் என்று 1995இல் பீட்டர் ஷோர் காட்டியதிலிருந்து தொடங்கினார்கள். காத்தால் மட்டும் போதாது, அதை வைத்துக் கணக்கும் போட வேண்டுமே! அதற்கு இரண்டு லாஜிக்கல் கியூபிட்டுகள் (இப்படிப் பலவற்றில் பரப்பிக் காத்த கியூபிட்டுகள்) ஒத்திருக்கின்றனவா என்பதை மட்டும் அளக்க வேண்டும். தனித்தனி மதிப்பு தெரிந்துவிட்டால் குவாண்டம் நிலை கலைந்துவிடும். இந்த அளவீட்டுக்குத்தான் செலவு அதிகம்.

ஜூலை விடுமுறையில் மண்டபத் தரையில் கோலத்துக்கு வைப்பதுபோல ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கட்டங்கள் இரண்டு போட்டார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கியூபிட், ஒவ்வொரு கட்டமும் ஒரு லாஜிக்கல் கியூபிட். நடுவே ஒரு வரிசை புதுப்புள்ளி வைத்து இரண்டையும் ஒட்டினார்கள். 'லாட்டிஸ் சர்ஜரி' என்ற இந்த முறை 2012இல் இதழில் வெளிவந்தது. ஒட்டிய இடத்தில், புள்ளிகளுக்கு இடையே சோதனைக் கியூபிட்டுகளாக நின்ற பிள்ளைகள், தங்கள் அளவீட்டின் விடையாகச் சிவப்பு அல்லது பச்சை அட்டை காட்டினார்கள். சிவப்பு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் விடை. அப்புறம் ஒரு பிள்ளையை வேண்டுமென்றே அட்டையை மாற்றிக் காட்டச் சொன்னார்கள், விடை தலைகீழானது. அளவீடே பிழைபடலாம், அதனால் ஐந்து புள்ளி அகலத்துக்கு ஐந்து சுற்றாவது திரும்பத் திரும்ப அளக்க வேண்டும் என்பது பார்க்க வந்திருந்த பாட்டிமாருக்கும் புரிந்தது.

இப்படிக் கரையும் இடத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கத்தான் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது. 144 தரவுக் கியூபிட்டும் 144 சோதனைக் கியூபிட்டும் கொண்டு 12 லாஜிக்கல் கியூபிட்டுகளைக் காக்கும் குறியீட்டை ஐபிஎம் குழு 2024இல் வெளியிட்டது. பிள்ளைகள் தரையில் போட்ட கட்ட முறையான சர்ஃபேஸ் கோடில் அதே காப்புக்கு ஏறக்குறைய 3000 வேண்டும். ஆனால் நெருக்கி அடுக்கியதில் வேண்டியதை மட்டும் தொட்டு அளப்பது கடினம். கூடுதலாக 103 கியூபிட் சேர்த்து, பன்னிரண்டில் ஒன்றை உதவிக்கு ஒதுக்கினால் குவாண்டம் கணக்கின் அடிப்படைச் செயல்களில் ஒரு தொகுதியான கிளிஃபோர்டு செயல்கள் எல்லாவற்றையும் செய்யலாம் என்று அதே ஆண்டு இன்னோர் ஆய்வு காட்டியது. என்னைக் கேட்டால், 3000க்குப் பதில் 288இல் காப்பதை விட, இந்த 103ஐச் சேர்த்துக் கணக்கும் போட முடிவதுதான் பெரிய செய்தி.

2019இல் ஐபிஎம் குவாண்டம் வலையமைப்பில் ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் சேர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம். நம் பிள்ளைகள் அங்கே ஒருமுறை போய்வரப் பேருந்துச் செலவையும், வட்டத்துக்கு ஒரு புரொஜெக்டரையும் வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கும்படி செயற்குழு சார்பில் முன்மொழிகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்