கியர்பாக்ஸை இப்போதைக்குத் தொடவிடாதே

அம்மிணி,

உங்கள் பிக்கப் வண்டி ஓடும்போது ஊளையிடுகிறது என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சத்தத்தை நானும் கேட்டேன், பட்டறைப் பையன்களையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். போனில் பேசினால் நடுவில் உன் அம்மா வாங்கிக்கொண்டு பேரனிடம் பேச ஆரம்பித்துவிடுவாள், வண்டிப் பேச்சு அதோடு போய்விடும். அதனால் எழுதிவிடுகிறேன். நிதானமாகப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் காட்டு.

முதலில் ஒன்று. கியர்பாக்ஸை மாற்ற வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் சொன்னாரே, அதற்கு இப்போதைக்குச் சரி என்று சொல்லிவிடாதே. வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை, கீழே படுத்துப் பார்க்கவில்லை, கவுன்டரில் நின்றபடியே சொன்ன வைத்தியம் அது. 2002 மாடல் ஃபோர்டு எஃப்-150, ஊளையிடுகிறது என்றதும் பெரிய செலவாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார்.

இந்தச் சத்தத்தில் காதை மட்டும் நம்பினால் யாராக இருந்தாலும் ஏமாறுவார்கள். பிக்கப்பின் சேஸி முன்னும் பின்னும் ஓடுகிற நீள இரும்பு. பின் ஆக்சிலில் கிளம்புகிற சத்தம் அதன் வழியாக வந்து ஓட்டுகிறவர் காலடியில் கேட்கும். அதனால் எங்கே கேட்கிறது என்று தேடாதே, எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார். இன்ஜினோடா, வண்டியின் வேகத்தோடா, ஆக்சிலேட்டரை மிதிப்பதோடா? இதைப் பிரித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரிதான்.

நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் சத்தமே இல்லை என்று நீயே சொல்லியிருந்தாய். அப்படியானால் ஆல்டர்னேட்டர், ஃபேன், ஸ்டியரிங் பம்ப் எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

அடுத்தது, உன் வண்டியில் கியர் தண்டின் நுனியில் ஓவர்டிரைவ் பட்டன் ஒன்று இருக்கும். காலியான ரோட்டில் 50 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது அதை அழுத்து. கியர் ஒன்று கீழே இறங்கும், இன்ஜின் சுற்று சட்டென்று ஏறும், வண்டியின் வேகம் மட்டும் அதே 50-ல் இருக்கட்டும். ஊளையும் இன்ஜினோடு சேர்ந்து ஏறினால் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் தேடலாம். அது பாட்டுக்கு அதே சுருதியில் இருந்தால், கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து தொடங்கி பின்னால் போகிற நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில் நடுவில் இருக்கிற பல்சக்கரக் கூடான டிஃபரன்ஷியல், வீல் பேரிங், டயர் இவற்றில்தான் ஏதோ ஒன்று. கியர்பாக்ஸில் சந்தேகப்பட மிஞ்சுவது கடைசி பேரிங் ஒன்றுதான். அதற்காக முழுப் பெட்டியையும் யாராவது மாற்றுவார்களா?

டயரை லேசாக நினைக்காதே. ரோட்டில் படுகிற டயர் கட்டைகள் மேல் உள்ளங்கையை முன்பக்கமாக ஒரு தடவை, பின்பக்கமாக ஒரு தடவை தடவிப் பார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பப் பல் போலத் தட்டினால் அந்த டயரே ஊளையிடும், பேரிங் போன சத்தம் மாதிரியே இருக்கும். உங்கள் டெக்சஸில் கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் குறுக்கே கோடு கீறி வைத்திருப்பார்கள், கிராமத்துச் சாலைகளில் ஜல்லி மேலே தெரியும். இரண்டுமே நல்ல டயரைக்கூடச் சத்தம் போட வைக்கும். புதிதாகப் போட்ட வழவழ தார் ரோடு ஒன்றில் ஓட்டிப் பார். ரோடு மாறியதும் ஊளையின் குரலும் மாறினால் டயர், மாறாவிட்டால் டயர் இல்லை.

வீல் பேரிங்குக்கும் ஒரு சோதனை உண்டு. அகலமான, ஆளில்லாத ரோட்டில் 35, 40-ல் போய் ஸ்டியரிங்கை மெதுவாக இடதும் வலதுமாக ஆட்டு. வண்டியை இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் உட்காரும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங், மறுபக்கம் கூடினால் இடது. இதை நீ செய்யாதே, மாப்பிள்ளை செய்யட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள், உன் காதுதான் எனக்கு நம்பிக்கை.

என் கணக்குப்படி டயரும் இல்லை, வீல் பேரிங்கும் இல்லை. நீ கடைசியாக அனுப்பிய ரெக்கார்டிங்கில், மிதித்துப் பிடித்தவரைக்கும் தூரத்தில் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு இழுப்பு, காலை எடுத்ததும் பொத்தென்று அடங்குகிறது, கொஞ்சம் வேகம் குறைந்த பிறகு மெலிசாக வேறு குரலில் திரும்பி வருகிறது. வீல் பேரிங் போயிருந்தால் நீ மிதித்தாலும் எடுத்தாலும் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். மிதிப்புக்குக் கட்டுப்படுகிற சத்தம் என்றால் கிரவுன் பினியன்தான், அதாவது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றுகிற சின்னப் பினியனும். சத்தம் உறுமலாக இல்லாமல் மெலிந்த குரலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உன் வண்டியில் 3.55 ரேஷியோ இருந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் மூன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதனால் பினியன் பேரிங் கத்தும், சக்கரத்துப் பேரிங் உறுமும். நம் ஊர் லாரிக்காரர்கள் இதைத்தான் 'ஹவுசிங் பாடுது' என்பார்கள். லோடோடு தொப்பூர் கணவாயில் ஏறும்போது ஒரு பாட்டு, இறங்கும்போது இன்னொரு பாட்டு. பாடிக்கொண்டே வருஷக்கணக்காக ஓடிய வண்டிகளும் உண்டு, நடுரோட்டில் பினியன் இறுகி நின்ற வண்டியை நான் போய் இழுத்து வந்ததும் உண்டு. அதனால் பார்க்காமல் விட வேண்டாம்.

பார்ப்பது எப்படி என்றால், சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போடச் சொல். மாப்பிள்ளை கீழே போய், புரொப்பெல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலில் சேரும் இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டட்டும். சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது எல்லா வண்டியிலும் உள்ளதுதான். மேலும் கீழும் துளி ஆட்டம் இருந்தால்கூடப் பினியன் பேரிங் போய்விட்டது. அந்த இடத்தில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருக்கிறதா என்றும் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கிற கிராஸ் மூட்டு இரண்டையும் அப்படியே அசைத்துப் பார்க்கலாம்.

அப்புறம் ஆயில். உன் 4.6 லிட்டர் இன்ஜின் வண்டியில் இருப்பது 8.8 அங்குல ஆக்சிலாக இருக்க வேண்டும், பின் மூடியில் 10 போல்ட் எண்ணினால் அதுதான். இதில் வடிக்கிற துளையே கிடையாது, மூடியைத்தான் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால், ஆயில் ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் துருப்பிடித்த பிளக்கோடு மல்லுக்கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சுமார் இரண்டரை லிட்டர் வரும். பழைய ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி வழுவழுவென்று ஒட்டினால் பயமில்லை. விரலுக்கிடையில் தேய்த்தால் குத்துகிற துணுக்கு இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது.

மூடி போல்ட் ஒன்றில் சின்னத் தகரம் தொங்கும். அதில் '3 55' என்றிருந்தால் சாதா டிஃபரன்ஷியல். நடுவில் 'எல்' எழுத்து வந்து '3எல்55' என்றிருந்தால் லிமிடெட் ஸ்லிப், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கிற வகை, அதற்கு ஆயிலோடு தனியாக ஒரு மருந்து சேர்க்க வேண்டும், கடையில் கேட்டு வாங்கு.

ஒருவேளை யாராவது, 'பினியன் நட்டை ஒரு முறுக்கு முறுக்கினால் சத்தம் போய்விடும்' என்று ஏர் கன்னை எடுத்துக்கொண்டு வந்தால் வண்டியைத் தொடவே விடாதே. அந்த நட்டுக்குக் கீழே நசுங்குகிற ஸ்லீவ் ஒன்று இருக்கிறது. பேரிங்கின் இறுக்கம் அதை வைத்துத்தான். அளவு பார்க்காமல் முறுக்கினால் பேரிங் சூடேறி, பாடுகிறது அலறும்.

டிஃபரன்ஷியல் வேலை மட்டுமே செய்கிற பட்டறை உங்கள் பக்கத்தில் கட்டாயம் இருக்கும், அங்கே விசாரி. ஓவர்டிரைவ் பட்டனை அழுத்தியபோது என்ன ஆனது, காலை எடுத்தபோது என்ன ஆனது, இந்த இரண்டையும் அவரிடம் சொல். தெரிந்த ஆளாக இருந்தால் கியர்பாக்ஸ் பேச்சையே எடுக்க மாட்டார்.

அதுவரை உரமூட்டை, மண்மூட்டை ஏற்ற வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கவும் கூடாது, ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். தகரத்தையும் காந்தத்தையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்
அப்பா