ஒரே ‘ப’, இரண்டு ‘பின்’: ஆங்கில மின்பாடம் தயாரிப்போருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழி உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ். கடைவீதியில் தமிழும் மலையாளமும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில், கேரளம் முழுக்க 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் என்று முடிவானது. அதுவரை என் பிள்ளைகள் கேட்ட ஆங்கிலம் என் குரல் ஒன்றுதான். 2020 ஜூனில், பள்ளிகள் மூடிக் கிடந்த நாளில், கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸ் வழியே பாடம் வீடு தேடி வந்ததையும் நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் என் கைக்கு வரும் ஆங்கிலக் காணொளிகளில் பலவும் அருஞ்சொற்களை மலையாளத்தில் விளக்குகின்றன. பேச்சு மலையாளம் பிள்ளைகளுக்குப் புரியும். ஏட்டு மலையாளம் வேறு. ஓர் ஆங்கிலச் சொல் விளங்க, முன்பின் கேட்டிராத ஒரு மலையாளச் சொல் முதலில் விளங்க வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒலியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் புத்தகத்தைப் பார்த்தேன். குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லின் (pin) மேல் பென்சிலால் ‘பின்’ என்று எழுதியிருந்தாள். குப்பைத் தொட்டிக்கான சொல்லின் (bin) மேலும் அதே ‘பின்’. அவள் வேறு எப்படி எழுதுவாள்? மலையாளத்தில் இந்த வல்லின ஒலிக்கு நான்கு எழுத்துகள். நமக்கு ஒரே ‘ப’. ‘பல்’லில் ஒரு விதமாகவும் ‘அம்பு’வில் வேறு விதமாகவும் அதை ஒலிக்கிறோம், சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடுவதால் தனி எழுத்தைத் தேட வேண்டியதில்லை. மலையாளப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்த பயிற்சியில் இந்த இடர் எப்படி இடம்பெறும்?

மடிக்கணினியில், குரலைப் பதிந்து அலையாகக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளைத் திறந்து இரண்டு சொற்களையும் பதியச் சொன்னேன். திரையில் இரண்டு அலைகளும் ஒன்றுபோலவே விழுந்தன. அடியில் என் குரலைப் பதிந்து காட்டினேன். குண்டூசிச் சொல்லில் உதடு திறந்ததும் மெல்லிய கீற்று, பிறகு காற்று, அதன் பிறகே அலை தடிக்கிறது. மற்றதில் உடனே எழுந்துவிடுகிறது. வாய்க்கு நேரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்காம் முறை காகிதம் ஆடியது. திரையைத் தொட்டு, “டீச்சர், இதோ காற்று தெரிகிறது!” என்றாள். ஆண்டு முழுக்க நான் வாயால் திருத்தித் திருத்தி வராதது பத்து நிமிடத்தில் வந்தது.

கருவி வகுப்பறைக்கு வருவது இதற்காகத்தான் என்று நம்புகிறேன். காணொளியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை வாய் திறப்பதில்லை. அவள் பேச வேண்டும், பேசியதைத் தானே கேட்க வேண்டும், மறுபடி பேசிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பயிற்சிகளைத் தமிழ் நாவுக்கென்று செய்து தாருங்கள். விளக்கக் குரல் தமிழிலும் இருக்கட்டும். இணையம் இல்லாமலும் ஓடும்படி, பென் டிரைவில் கொண்டுபோகும் அளவில் கோப்புகள் சிறியதாக இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் இருப்பது ஒரே செல்போன். விடியற்காலையில் கள் இறக்கப் போகும் அப்பாவோடு அதுவும் தோப்புக்குப் போய்விடுகிறது.

பிள்ளைகள் தடுமாறும் சொல் இணைகளை இரண்டு ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. அது உங்களுக்குத்தான். தயாரிப்புக் குழுவில் தமிழ்வழி ஆசிரியர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். என்னை அழைத்தால், எந்தச் சனிக்கிழமையானாலும் பாலக்காட்டுக்கு முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை