முதலில் காதில் விழட்டும்: திருகோணமலைச் சங்கீத ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் உவர்மலையில் இருக்கும் ஒரு தாய். சின்ன வயதில் நாலைந்து வருடம் வயலின் படித்தேன். இடப்பெயர்வோடு படிப்பும் நின்றது, வயலினும் போனது. இப்போது மகள் சங்கீதம் படிக்கிறாள், தரம் 7. போன மாதம் சங்கீதத்தின் எழுத்துப் பரீட்சையான அறிமுறைப் பரீட்சைக்காக அவளோடு இரண்டு இரவு இருந்தேன். அந்த இரண்டு இரவும்தான் இந்த மடலை எழுத வைத்தன.

முதல் இரவு கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். சங்கதி என்றால் என்ன? "பாடலின் ஒரு வரியை இராக பாவம் கெடாமல் படிப்படியாக விரித்துப் பாடுவது சங்கதி எனப்படும்." மூச்சு விடாமல் சொன்னாள். சரி, ஒரு சங்கதி பாடு பார்ப்போம் என்றேன். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பாடவும் முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

போனை எடுத்து 'வாதாபி கணபதிம்' போட்டேன். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதி, அம்சத்துவனி இராகம். கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரத்தில் அவள் எத்தனையோ தரம் கேட்ட மெட்டுத்தான். பல்லவி வரி திரும்பத் திரும்ப வர, கை விரலை மடக்கி எண்ணச் சொன்னேன். மூன்றாவது விரலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, அதே சொல்தான், ஆனால் ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டு வருகிறது." அவ்வளவுதான் சங்கதி. அந்தப் பல்லவிச் சங்கதிகளில் பல, தீட்சிதருக்குப் பின் வந்த மகா வைத்தியநாதையர் சேர்த்தவை என்று சொல்வார்கள். அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது: "ஒருவர் செய்த பாட்டில் இன்னொருவர் சேர்க்கலாமா?" கொப்பியில் இருந்த வரைவிலக்கணத்தை நூறு தரம் பாடமாக்கியிருந்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது.

நான் கேட்பது இதுதான். ஒரு கலைச்சொல்லைப் பிள்ளை எழுதுவதற்கு முன்னால் அது அவள் காதில் விழ வேண்டும். கமகமா, ஒரு சுரத்தை அசைத்தும் அசைக்காமலும் ஒரு தரம் பாடிக் காட்டுங்கள். நிரவலா, ஒரே ஒரு வரியை எடுத்து, சொல்லை மாற்றாமல் மெட்டை மட்டும் மாற்றி மாற்றி இரண்டு நிமிடம் பாடிக் காட்டுங்கள். பெயரைப் பிறகு சொன்னால் போதும், அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது இரவு மேளகர்த்தா, அதாவது ஏழு சுரமும் உள்ள 72 தாய் இராகங்களின் வரிசை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று பிள்ளை அழுதுவிட்டாள். 72 மேளங்களில் ஓர் இராகம் எத்தனையாவது என்பதை அதன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கடபயாதி முறை. க, ட, ப, ய என்ற ஒவ்வொரு எழுத்தில் இருந்தும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவது, வந்த இலக்கங்களைத் திருப்பிப் போடுவது. மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பினால் 15. சரியாக வந்ததும் அவளுக்கு ஒரே சந்தோசம். அடுத்தது கரகரப்பிரியா. க 1, ர 2, திருப்பினால் 21. புத்தகத்தில் 22 என்று இருக்கிறது. 21 கீரவாணிக்கு உரியது. அழித்து அழித்து எழுதினாள், தாளே கிழிந்துவிட்டது. தான் மக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

பிழை பிள்ளையுடையது இல்லை. வடமொழியில் ககர வரிசைக்கு நாலு ஒலி உண்டு. கரகரப்பிரியாவின் முதல் எழுத்து அதில் இரண்டாவது, மூச்சை அழுத்திச் சொல்வது. அதன் இலக்கம் 2. தமிழில் நாலுக்கும் ஒரே 'க' என்பதால் எழுத்தைப் பார்த்து எண்ணுகிற பிள்ளைக்கு 21தான் வரும். தீரசங்கராபரணமும் அப்படியே. அந்தத் தகரம் நாலாவது ஒலி, டகரத்தில் இருந்து எண்ணி வந்தால் இலக்கம் 9. பக்கத்தில் ர 2, திருப்பினால் 29. தாளில் தெரியாத இந்த வித்தியாசத்தை ஆசிரியரின் வாய்தான் காட்ட வேண்டும். ஒரு தரம் உச்சரித்துக் காட்டினால் விசயம் முடிந்தது. தோடிக்கு முன்னால் 'ஹனுமத்' வந்ததும் கல்யாணிக்கு முன்னால் 'மேச' வந்ததும் இந்த இலக்கத்துக்காகத்தான் என்று அப்போதே சொன்னால் (ஹ 8, நு 0, ஆக 08, மே 5, ச 6, ஆக 65) பிள்ளைகள் மற்றப் பெயர்களையும் தாங்களே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். என் மகள் அன்றிரவு பதினொரு மணிவரை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அப்புறம் வாக்கேயகாரர்கள், பாட்டையும் மெட்டையும் சேர்த்தே செய்தவர்கள். பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, ஊர், பாட்டில் வைக்கும் முத்திரைப் பெயர். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, தீட்சிதரோடு மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தது திருவாரூர். எல்லாம் பாடம். ஆனால் அந்த ஆண்டுகள் பிள்ளைக்கு எந்தக் காலம் என்று தெரியாது. நம்முடைய ஊரை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அந்த வருடம் தியாகராஜருக்கு 28 வயது. மான்கள் மேயும் அந்தக் கோட்டை வாசலால் எத்தனையோ தரம் போய்வந்த பிள்ளைக்கு இது போதும், தியாகராஜர் படத்தில் இருந்து இறங்கி ஓர் ஆளாகிவிடுவார்.

தீட்சிதருக்கு இன்னும் நல்ல கதை இருக்கிறது. அவர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த நாளில், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்ட் வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், செய்தார். அவற்றைத்தான் நோட்டுஸ்வரம் என்கிறோம். 'சந்ததம் பாஹிமாம்' என்பதன் மெட்டு, பிரித்தானிய அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. சுதந்திரத்துக்கு முன் பள்ளிக்கூடம் போன நம்முடைய பூட்டன் பூட்டிமார் எழுந்து நின்று பாடிய அதே மெட்டு. பிள்ளைகள் பாடவும் இலகு, கமகம் இல்லை, சின்னச் சின்ன வரி. தீட்சிதரை இங்கே இருந்து தொடங்கினால் என்ன? தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் பழகிய கதையும் பின்னாலேயே வந்துவிடும்.

சீர்காழி மூவருக்கு எங்கள் கொப்பியில் ஒரே ஒரு வரி. எனக்கு இது மனவருத்தம். மும்மூர்த்திகளுக்கு முன்னமே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழில் பாட்டுச் செய்தவர்கள் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும். கவிராயரின் 'ஏன் பள்ளி கொண்டீர் ஐயா' மோகனத்தில் இருக்கிறது. படுத்திருக்கும் அரங்கநாதரைப் பார்த்துப் பல்லவியில் ஒரு கேள்வி. முனிவர் சொல்லைக் கேட்டு நடந்த களைப்போ, ஈசனின் வில்லை முறித்த களைப்போ என்று சரணத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவார். பல்லவிக்கும் சரணத்துக்கும் என்ன உறவு என்று விளக்க இதைவிட இலகுவான பாட்டு எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். தெலுங்குக் கிருதிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்தரோ மகானுபாவுலு கேட்டு அழுதவள் நான். விளங்கும் பாட்டில் தொடங்கினால் விளங்காத பாட்டுக்கும் காது திறக்கும் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக நம்முடைய சொந்தப் பாட்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருகோணமலைக் கோயிலின் கோணேசர் மேல் பாடிய பதிகம், 'நிரைகழல் அரவம்' என்று தொடங்குவது. அவர் இங்கே வரவில்லை, இராமேசுவரத்தில் இருந்துகொண்டு பாடினார் என்கிறார் சேக்கிழார். பண், அதாவது பழந்தமிழ் இராகம், புறநீர்மை, இன்றைக்குப் பூபாளத்தில் பாடுகிறோம். ச ரி க ப த, ஐந்தே சுரம், விடியற்காலை இராகம். மத்திமமும் நிஷாதமும் இல்லை. ஔடவ இராகம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வேறு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. முதல் பாட்டின் முடிவில் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்று வரும். இரைகிற கடலின் அலை முத்தைக் கொண்டுவந்து ஒதுக்குகிற மலை. அந்த இரைச்சலைக் கோயிலடியில் நின்றால் இன்றைக்கும் கேட்கலாம். எட்டாம் பாட்டில் இராவணனும் வருகிறான், கோயிலடியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது தனிச் சந்தோசம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்தார்கள். பாட்டு அப்படியே நம்மிடம் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பெயரில் தெரு வைத்திருக்கும் ஊர் இது. இங்கே சங்கீதம் படிக்கும் ஒரு பிள்ளை இந்தப் பதிகத்தின் பண் எது என்று தெரியாமல் பரீட்சை மண்டபத்துக்குப் போகக் கூடாது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், "எத்தனை புள்ளி?" என்று மட்டும் கேட்கும் எங்களைப் போன்ற பெற்றோர். அறிமுறையை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம், கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேட்பதற்கு. அன்றைக்கு எழுதப்போகும் சொல் அந்தப் பத்து நிமிடத்தில் எங்கேயாவது ஒலிக்க வேண்டும். பெற்றோராகிய நாங்களும் வீட்டில் போட்டுக் கேட்கவைப்போம்.

வருகிற தவணையில் இருந்து தொடங்க முடியுமா? ஒலிபெருக்கி இல்லாத வகுப்பு என்றால் எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன், பாடம் முடிந்ததும் அவளே திருப்பிக் கொண்டுவருவாள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உவர்மலையில் இருந்து ஒரு தாய்