மாத்திரையை நிறுத்திராதலே

பாளையங்கோட்டை

அன்புள்ள சங்கரா,

நலந்தானே? பாபநாசம் அணை திறந்து அம்பாசமுத்திரம் பக்கம் கார் நடவு தொடங்கியாச்சு என்று மச்சான் சொன்னார். உன் வயலில் நட்டாச்சா? இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம்.

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு கூடியிருக்கு, கல்லீரல் என்சைமும் கொஞ்சம் ஏறியிருக்கு. அதற்காக எச்.ஐ.வி.க்குச் சாப்பிடும் ஏ.ஆர்.டி. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தட்டுமா என்று கேட்டிருந்தாயே, அதை வாசித்ததிலிருந்து மனசே சரியில்லை. வேண்டாம்லே.

எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடாதே. மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் எச்.ஐ.வி. ரத்தக் கொழுப்பைக் குலைத்துவிடும். நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறையும், கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லும் குறையும், நோய் முற்ற முற்ற டிரைகிளிசரைடு ஏறும். கிருமியால் உடம்புக்குள் ஓயாமல் இருக்கும் அழற்சி அதற்கு ஒரு முக்கியக் காரணம். மருந்தில் உடம்பு தேறும்போது எல்.டி.எல். மறுபடி மேலே வரும். அதைப் பார்த்துத்தான் பலரும் மாத்திரையைத் திட்டுகிறார்கள்.

பழைய எச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்டவைத்து ஈரலில் கொழுப்பைச் சேர்த்தது உண்மை. ரிட்டோனவிர் சேர்ந்த மருந்துகளும் டிரைகிளிசரைடை ஏற்றும். நீ சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரை. அது கொழுப்பை அவ்வளவாக ஏற்றாது. ஆனால் எடை கூடலாம், எடையோடு ஈரலிலும் கொழுப்பு படியும். ராத்திரி பரோட்டாவையும் அந்தக் குடியையும் விடு என்று உரிமையோடு சொல்கிறேன்.

எனக்குப் பெரிய பயம் வேறு. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்று உனக்குப் பார்த்தார்களா? டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்கிவைக்கின்றன. அது இருப்பவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் அழற்சி சீறிக் கிளம்பி உயிருக்கே ஆபத்தாகும். சி வகைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல். காமாலைக்கென்று யாரோ தந்த பொடியைச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாயே, அதையும் டாக்டரிடம் மறைக்காதே.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பற்றியும் கேள். ரிப்ரீவ் என்ற ஆய்வு 2023-ல் வெளிவந்தது. எச்.ஐ.வி.யோடு வாழும் 40 முதல் 75 வயது வரையான 7,769 பேரைச் சேர்த்திருந்தார்கள். தினமும் பிட்டாவாஸ்டேட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 35 சதவீதம் குறைந்தன. உனக்கு அது ஒத்துவருமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வா, வெறும் வயிற்றோடு வா. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். அதுவரை ஒரு வேளை மாத்திரைகூட விட்டுப்போகக் கூடாது. தங்கச்சியிடமும் சொல்லிவை.

அன்புடன்,
முருகையா